தீ வருமுன் கட்டும் வரி: மாரின் கவுண்டியின் பத்தாண்டுக் கணக்கு

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் மாரின் கவுண்டி (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் போல). அங்கே வீடு வைத்திருப்பவர்களின் சொத்து வரி பில்லில் 2020-21 முதல் காட்டுத்தீத் தடுப்புக்கென்று ஒரு தொகை தனியாக வருகிறது. கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 10 சென்ட். 2,000 சதுர அடி வீட்டுக்கு முதல் ஆண்டில் 200 டாலர். விலைவாசியை ஒட்டி ஆண்டுக்கு 3 சதவீதம் வரை ஏறலாம். மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் உள்ள குடியிருப்புக்கு வீட்டுக்கு 75 டாலர் கணக்கு, காலி மனைக்கு வேறு கணக்கு. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர், பத்தாண்டுகளுக்கு. 2020 மார்ச் 3 அன்று ‘மெஷர் சி’ என்ற பெயரில் வாக்குச்சீட்டில் வந்து, 70 சதவீதத்துக்கு மேல் ஆதரவுடன் தேறியது. பணத்தைக் கையாள்வது மாரின் காட்டுத்தீத் தடுப்பு ஆணையம். நகரங்கள், தீயணைப்பு மாவட்டங்கள், கவுண்டி என 17 அமைப்புகள் கூடி அமைத்த கூட்டு அமைப்பு அது. தீயணைப்பு வண்டி வாங்க இந்தப் பணம் அல்ல. தீ வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைக்கு மட்டும்.

மாரினுக்குத் தீ புதிதல்ல. 1929-ல் மில் வேலியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 1995-ல் மவுண்ட் விஷன் தீ இன்வர்னெஸ் பக்கம் 12,000 ஏக்கரைத் தின்றது. ஆனால் வாக்காளரை அசைத்தவை 2017-ல் பக்கத்துச் சொனோமாவில் 22 பேரைக் கொன்ற டப்ஸ் தீயும், 2018 நவம்பரில் பாரடைஸ் ஊரையே அழித்து 85 உயிர்களைக் கொண்டுபோன கேம்ப் தீயும்தான். வரி கேட்பதற்கும் ஒரு காலம் உண்டு. பக்கத்து ஊர்ப் புகை மூக்கை விட்டுப் போவதற்குள் கேட்க வேண்டும்.

மாநில அரசும் மத்திய அரசும் மானியம் தருகின்றனவே, தனி வரி எதற்கு என்று எல்லா ஊர்க் கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். மானியம் ஒரு முறை வெட்டத்தான் பணம் தரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் செலவழித்துக் கணக்கு முடிக்க வேண்டும். வெட்டிய இடத்தில் வெயில் விழுந்ததும் முதலில் முளைப்பது பழைய மரம் அல்ல, ஃபிரெஞ்சு புரூம். மஞ்சள் பூவோடு ஆள் உயரம் வளர்ந்து, உள்ளே காய்ந்த குச்சியாக அடைந்து நிற்கும் புதர். நீலகிரியில் ஊட்டி, அவலாஞ்சி பக்கம் மண்டிக் கிடக்கும் ஸ்காட்ச் புரூம் இதன் நெருங்கிய சொந்தம். அதை நேரில் பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். இதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு தடவை சுத்தம் செய்துவிட்டு மூன்று நான்கு ஆண்டு திரும்பிப் பார்க்காமல் விட்டால், முன்பிருந்ததைவிட மோசமான எரிபொருள் அங்கே நிற்கும். ஆகவே தடுப்பு வேலையில் பெரிய செலவு முதல் வெட்டு அல்ல, மறுவெட்டு. மறுவெட்டுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணம் வேண்டும். அந்த இடத்தில்தான் உள்ளூர் வரிக்கு வேலை.

வளைகுடாவின் மறுகரையில் இருக்கும் ஓக்லாந்து இதற்கு நேர்ச் சாட்சி. 1991 அக்டோபரில் அதன் குன்றுகளில் 25 பேர் இறந்து, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. 2003-ல் குன்றுப் பகுதிக்கு மட்டும் தடுப்பு மாவட்டம் அமைத்து, வீட்டுக்கு ஆண்டுக்கு 65 டாலர் வசூலித்தார்கள். புதரைக் குறைக்க ஆடு மேய்த்தார்கள், வீடுகளைச் சோதனை செய்தார்கள். 2013-ல் புதுப்பிக்கக் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு மயிரிழையில் கிடைக்காமல் போயிற்று. 2024 நவம்பரில்தான் வீட்டுக்கு 99 டாலர், 20 ஆண்டு என்று புதிய வரி தேறியது. நடுவில் பத்தாண்டு இடைவெளி. தைலமரமும் புரூமும் அந்த இடைவெளியில் சும்மா இருக்கவில்லை.

இனி, கலிஃபோர்னியாவில் இப்படியொரு வரியைப் போடும் வழி. 1978-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13-வது முன்மொழிவு, சொத்தின் மதிப்பை வைத்துப் போடும் வரிக்கு 1 சதவீதம் என்று உச்சவரம்பு கட்டிவிட்டது. ஆகவே புது வரியை வீட்டின் விலையை வைத்துப் போட முடியாது. மனைக்கு இவ்வளவு, சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் போடலாம். இதற்குப் பெயர் பார்சல் டாக்ஸ். குறிப்பிட்ட நோக்கத்துக்கான சிறப்பு வரியை நகர மன்றமோ கவுண்டியோ வாக்குச்சீட்டில் வைத்தால், வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். 1996-ன் 218-வது முன்மொழிவு இதை இன்னும் இறுக்கியது. அதே வரியைப் பொதுமக்களே கையெழுத்து திரட்டி வைத்தால் பாதிக்கு மேல் ஒரு வாக்கு போதும். 2017-ல் அப்லாண்ட் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பிலிருந்து கீழ் நீதிமன்றங்கள் எடுத்த நிலை அது.

இந்த வித்தியாசம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. மாரினில் மெஷர் சி வென்ற அதே நாளில், சொனோமா கவுண்டியில் தீயணைப்புக்காக அரை சென்ட் விற்பனை வரி கேட்டார்கள். ஏறக்குறைய 65 சதவீதம் வந்தும் தோற்றது. 2024 மார்ச்சில் கையெழுத்து வழியாகத் திரும்பவும் வந்தபோது அதைவிடக் குறைந்த ஆதரவிலேயே ஜெயித்தது. கையெழுத்து திரட்ட ஆள்பலமும் பணமும் வேண்டும்தான். இருந்தாலும் ஊர் மனநிலையை அறியும் கருத்துக்கணிப்பில் ஆதரவு 70-ஐத் தொடவில்லை என்றால், மன்றத்தின் வழியாகப் போவது வீண் செலவு.

இன்னொரு வழி அசெஸ்மென்ட், அதாவது மனைக்குக் கிடைக்கும் பலனுக்கு ஏற்ப வசூலிக்கும் கட்டணம். இதில் சொத்துக்காரர்களுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு போகும், கட்டும் தொகைக்கு ஏற்ப வாக்கின் எடை கூடும், எதிர்ப்பு மிஞ்சாவிட்டால் போதும். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு மனைக்கும் கிடைக்கும் ‘சிறப்புப் பலன்’ என்ன, ஊருக்குப் பொதுவாகக் கிடைக்கும் பலன் என்ன என்று பொறியாளர் அறிக்கை பிரித்துக் காட்ட வேண்டும். புதர் வெட்டினால் யாருக்கு எவ்வளவு பலன் என்று மனைவாரியாக நிரூபிப்பது லேசான காரியம் அல்ல. வழக்குப் போட நினைப்பவர் கை வைக்கும் முதல் இடமும் அதுதான். கூடிய மட்டும் பார்சல் டாக்ஸே நல்லது.

வாக்குச்சீட்டில் அச்சாகும் கேள்விக்கு 75 சொல்தான் இடம். அதற்குள் என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை ஆண்டு, யார் மேற்பார்வை என்பதெல்லாம் அடங்க வேண்டும். சட்டப்படி, நோக்கத்தைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும், பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், ஆண்டறிக்கை தர வேண்டும். ‘தீப் பாதுகாப்புக்காக’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்துத் தீயணைப்புத் துறையின் ஓய்வூதியச் சுமையை அதே பணத்தில் கழிக்க யாராவது கை நீட்டுவார்கள். வரைவிலேயே வேலைகளைப் பெயர் சொல்லி எழுதிவிடுவது மேல்.

விகிதத்தைத் தீர்மானித்த பிறகு வரும் தலைவலி, தரவு. சதுர அடி மதிப்பீட்டு அலுவலகத்தின் பதிவிலிருந்து வருகிறது. அனுமதி இல்லாமல் கட்டிய அறை அதில் இருக்காது. இடித்துப்போட்ட கொட்டகை இருக்கும். முதல் ஆண்டு பில் போனதும் தொலைபேசி ஓயாது. முறையீட்டுப் படிவமும், பதில் சொல்ல ஓர் ஆளும், பிழை என்றால் திருப்பித் தரச் சிறு ஒதுக்கீடும் முன்கூட்டியே இருக்க வேண்டும். குறைந்த வருமானமுள்ள மூத்தோருக்கு விலக்கு உண்டு. ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். தகுதியுள்ளவர்களில் பலர் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். ஆகவே நூலகம், முதியோர் மையம், தேவாலயம் என்று படிவத்தைக் கொண்டுபோய் வைப்பது வரி வசூலிக்கும் அமைப்பின் பொறுப்பு.

கலிஃபோர்னியாவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். இது சொத்து மதிப்பின் மேல் போட்ட வரி அல்ல. ஆகவே மத்திய வருமான வரிக் கணக்கில் சொத்து வரியாகக் கழிக்க முடியாது. பில்லின் மொத்தத் தொகையை அப்படியே எடுத்து எழுதிவிடுபவர்கள் நிறைய.

மாரினில் பணம் மூன்றாகப் பிரிகிறது. 60 சதவீதம் கவுண்டி முழுக்க ஒருங்கிணைத்துச் செய்யும் முக்கிய வேலைகளுக்கு: எரிபொருள் குறைப்பு, தீயைக் கண்டறிதல், வெளியேறும் வழிகள், மக்கள் கல்வி, உதவித்தொகை. 20 சதவீதம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சோதனைக்கு. மீதி 20 அந்தந்த ஊர் தன் தேவைக்குச் செலவழிக்க. இந்தப் பிரிப்பு வாக்குக்கு முன்பே எழுதப்பட்டது என்பதுதான் இதன் பலம். வரி தேறிய பிறகு பங்கு பிரிக்க உட்கார்ந்தால் 17 அமைப்புகளும் 17 திசையில் இழுக்கும். சின்ன ஊருக்கு, ‘என் பணம் பெரிய ஊருக்குப் போகிறது’ என்ற மனக்குறை வராமல் இருக்க அந்தக் கடைசி 20 சதவீதம் உதவுகிறது. எங்களைக் கேட்டால் நடுவில் உள்ள 20 சதவீதம்தான் மொத்தத் திட்டத்தின் உயிர். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

பணம் வந்தும் வேலை நகரவில்லையே என்ற புகார் எல்லா ஊரிலும் இரண்டாம் ஆண்டில் எழும். காரணம் நாட்காட்டி. நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. சொத்து வரியின் முதல் தவணைக்கு டிசம்பர் 10, இரண்டாவதுக்கு ஏப்ரல் 10 கடைசி நாள். அதாவது முதல் ஆண்டில் பாதி வருடம் கையில் காசே இருக்காது. இன்னொரு பக்கம், பறவைகள் கூடு கட்டும் பருவம் பிப்ரவரி முதல் ஆகஸ்ட் இறுதி வரை. அந்த மாதங்களில் வெட்ட வேண்டுமானால் உயிரியலாளர் முன்கூட்டியே நடந்து பார்க்க வேண்டும். கூடு இருந்தால் சுற்றிலும் இடம் விட வேண்டும். கோடையின் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் காற்றும் வறட்சியும் கூடி, தீ அபாயத்துக்கான செங்கொடி எச்சரிக்கை வந்தால் எந்திரத்தை நிறுத்த வேண்டும், ஒரு பிளேடு கல்லில் உரசினால் அதுவே தீ. குளிர்கால மழையில் சரிவில் கனரக எந்திரம் இறங்காது. எல்லாம் கழித்தால் நிம்மதியாக வேலை நடப்பது செப்டம்பர் முதல் ஜனவரி வரை, அதிலும் விட்டு விட்டுத்தான். சுற்றுச்சூழல் ஆய்வு, ஒப்பந்தப்புள்ளி, நில உரிமையாளரின் அனுமதிக் கடிதம் எல்லாம் ஜூன், ஜூலைக்குள் முடிந்திருக்கவில்லை என்றால் அந்த ஆண்டு போனதுபோல்தான்.

சுற்றுச்சூழல் ஆய்வைத் தடையாகப் பார்க்கும் பழக்கம் நல்லதல்ல. வீட்டைச் சுற்றிய சிறு வேலைகளுக்கு மாநிலச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. பெரிய நிலப்பரப்புக்கு, 2019 டிசம்பர் இறுதியில் ஒப்புதல் பெற்ற மாநில அளவிலான தாவர மேலாண்மை ஆய்வைச் சார்ந்து போகலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் விலக்குக் கேட்பதுதான் சிக்கலில் மாட்டிவிடும். அப்படிச் செய்தால் நீதிமன்றத்தில் நிற்பது கடினம், ஊரின் இயற்கை ஆர்வலர்களும் எதிரியாகிவிடுவார்கள். அவர்களை ஆரம்பத்திலேயே மேசைக்குக் கூப்பிட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை வராது.

களத்தில் நடப்பது என்ன? மொட்டையடிப்பது அல்ல. மலைமுகட்டிலும் குடியிருப்பின் ஓரத்திலும் நிழல் தரும் பெரிய மரங்களை நிறுத்திவிட்டு அடிப்புதரை எடுப்பார்கள். தரையில் ஓடும் தீ புதரில் ஏறி, புதரிலிருந்து தாழ்கிளையில் ஏறி, உச்சிக்குப் போய்விடக் கூடாது. புதரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு இடைவெளி அதன் தலைக்கும் மரத்தின் கீழ்க்கிளைக்கும் நடுவே வேண்டும் என்பது மாநிலத் தீயணைப்புத் துறையின் கணக்கு. 5 அடிப் புதர் என்றால் 15 அடி. சரிவு ஏற ஏற மர இடைவெளியும் ஏறும்: 20 சதவீதச் சரிவு வரை 10 அடி, 40 வரை 20 அடி, அதற்கு மேல் 30 அடி. புல் 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நிழலை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் அடுத்த வசந்தத்தில் புரூம் வரும், முன்னே சொன்ன கதைதான்.

புரூமை வெட்டினால் போதாது, தண்டிலிருந்து திரும்பத் துளிர்க்கும். மழைக்குப் பின் மண் இளகியிருக்கும்போது, விதை பிடிக்குமுன், வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கென்றே நெம்புகோல் போன்ற கருவி இருக்கிறது. பெரிய சரிவுகளுக்கு ஆட்டு மந்தை. கிடை போடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது பழக்கமான காட்சி, என்ன, இங்கே எருவுக்காக அல்ல, மின்வேலி அடைத்து மேய்ப்பதற்கு ஆட்டுக்காரருக்குப் பணம் தருகிறார்கள். சில நூறு ஆடுகள் நாளுக்குச் சுமார் ஓர் ஏக்கரை முடிக்கும். ஆடு இலையையும் இளங்குச்சியையும் தின்னும், வேரைத் தொடாது. அடுத்த ஆண்டும் மந்தை வர வேண்டும். அதே புல்லை இரண்டு நாள் கூட விட்டால் மண் வரை சுரண்டிவிடும், மழையில் சரிவு அரிக்கும். ஒப்பந்தத்தில் எத்தனை ஏக்கர் என்று மட்டும் எழுதாமல், எவ்வளவு உயரம் மிச்சம் விட வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

மக்களுக்கு வரியின் பலன் கண்ணில் படுவது சிப்பர் நாளில். வீட்டுக்காரர் வெட்டிய கிளைகளைத் தெருவோரம் குவித்தால், எந்திரத்தோடு வந்து இலவசமாகத் தூளாக்கி எடுத்துப் போவார்கள். குவிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய முனைகள் எல்லாம் தெருவைப் பார்த்து ஒரே திசையில் இருக்க வேண்டும், தொழிலாளி இழுத்து நேராக ஊட்டுவதற்கு. கொடி, மூங்கில், பனை மட்டை, விஷ ஓக், வேரோடு ஒட்டிய மண் ஆகியவை கூடாது. நார் உருளையில் சுற்றிக்கொள்ளும், கல் பிளேடை உடைக்கும். ஒரு கம்பித்துண்டு போதும், அன்றைய வேலை அத்தோடு சரி. மாரினில் ஓக் மரங்களைக் கொல்லும் ‘சடன் ஓக் டெத்’ நோய் 1990-களிலிருந்தே இருக்கிறது. அதனால் அந்த நோயைச் சுமக்கக்கூடிய பே லாரல், டேனோக் மரங்களின் கழிவை நோய்த்தடை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. அங்கேயே பரப்பினாலும் 3, 4 அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டாம், வீட்டுச் சுவரை ஒட்டி வேண்டவே வேண்டாம். கனமாகக் கிடக்கும் மரத்தூள் நாள்கணக்கில் உள்ளுக்குள் கனியும்.

இப்போது அந்த நடு 20 சதவீதம், வீட்டுச் சோதனைக்கானது. காட்டுத்தீயில் பெரும்பாலான வீடுகள் தீச்சுவர் வந்து மோதி எரிவதில்லை. காற்றில் பறந்து வரும் கங்கு எங்காவது இடுக்கில் ஒதுங்கி, மெல்லப் பற்றி, உள்ளிருந்து எரிகிறது. மலையில் 200 ஏக்கர் சுத்தம் செய்தாலும் இதைத் தடுக்க முடியாது. ஆகவே சோதகர் வீட்டுக்குப் போனதும் மலையைப் பார்க்க மாட்டார், சுவரைத்தான் பார்ப்பார். சுவரிலிருந்து முதல் 5 அடி. ஜன்னலுக்குக் கீழே ஜூனிப்பர் செடி, கதவோரம் தேங்காய்நார் மிதியடி, வெளி மரத்தளத்தின் அடியில் அடுக்கிய விறகு, கூரையோர நீர்வடிகாலில் சருகு. காற்றுப்போக்கி வலையின் கண் கால் அங்குலம் என்றால் கங்கு தாராளமாக நுழையும், அரைக்கால் அங்குலம் அல்லது அதற்கும் சிறிய உலோக வலை வேண்டும். மரவேலி வீட்டைத் தொடுகிறதா என்பது பலர் கவனிக்காத இடம். வேலி ஒரு திரிபோலத் தீயைச் சுவருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். முழு வேலியையும் மாற்ற வேண்டாம், வீட்டைத் தொடும் கடைசி 5 அடிக்கு இரும்புக் கதவு போட்டாலே போதும்.

அறிக்கை கொடுத்துவிட்டு வந்தால் பாதிப் பேர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அதோடு உதவித்தொகையும் சேரும்போதுதான் வேலை நடக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம். ‘நீங்கள் செலவழித்துவிட்டு ரசீது கொடுங்கள்’ என்னும் திட்டம், கையில் காசு இருப்பவருக்கு மட்டுமே உதவும். வயதானவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் ஆளை அனுப்பி வேலையை முடித்துக் கொடுத்து, பணத்தை ஒப்பந்தக்காரருக்கு நேராகத் தர வேண்டும். அறிக்கைக்கு இன்னொரு பயனும் உண்டு. 2022 அக்டோபரில் வந்த மாநில விதிப்படி, வீட்டைத் தீக்குக் கடினமாக்கியவருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும். செய்ததைப் படமும் தேதியுமாக வைத்திருந்தால் ஏஜெண்டிடம் பேச வசதி.

வெளியேறும் சாலை பற்றிச் சுருக்கமாக: வண்டி போக 20 அடி அகலம், 13 அடி 6 அங்குல உயரம் தடையில்லாமல் வேண்டும் என்பது தீ விதி. மில் வேலியின் பழைய குன்றுத் தெருக்களில் இதற்கு இடைஞ்சல் மரத்தைவிட ஓரத்தில் நிற்கும் கார்கள்தான். வரிப்பணத்தால் மரத்தை வெட்டலாம், பார்க்கிங்கை எடுக்க நகர மன்றத்துக்குத் துணிச்சல் வேண்டும்.

குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஒன்று ஆண்டுதோறும் செலவைப் பார்க்கிறது. அந்தக் குழுவில் உட்காரப் போகிறவர்கள் ‘இத்தனை ஏக்கர் முடித்தோம்’ என்ற எண்ணை மட்டும் வைத்துத் திருப்திப்படக் கூடாது. அதே ஏக்கரை இரண்டு ஆண்டு எண்ணியிருக்கிறார்களா, மறுவெட்டு எவ்வளவு, புது இடம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்க வேண்டும். போன வருடம் சோதித்த வீடுகளில் குறை நீங்கியவை எத்தனை என்று கேட்க வேண்டும். செலவாகாத பணம் எந்த வேலைக்காக, எந்த மாதத்துக்காகக் காத்திருக்கிறது என்று கேட்க வேண்டும். அரசுப் பணத்தில் நடக்கும் மரவேலைக்குப் பெரும்பாலும் மாநிலம் நிர்ணயித்த கூலி விகிதம் பொருந்தும் என்பதால், தெருக்காரர்கள் தனியாக வாங்கும் விலையோடு ஒப்பிட்டு ஒப்பந்தத்தைக் குறைசொல்வது நியாயமாகாது.

பத்தாண்டு வரி என்றால் எட்டாம் ஆண்டுத் தேர்தலிலேயே புதுப்பிக்கக் கேட்டுவிட வேண்டும். தோற்றாலும் வரி தீருமுன் இன்னொரு தேர்தல் கையில் இருக்கும். கடைசி ஆண்டில் கேட்டுத் தோற்றால், பழகிய சோதகர்களும் மந்தைக்காரரும் வேறு கவுண்டிக்குப் போய்விடுவார்கள். அவர்களைத் திரட்ட மறுபடி இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.